92-ஆ, 95-ஆ? யாழ்ப்பாணத்தில் முதல் கார் வாங்கியவர்களுக்கு ஒரு பெற்றோல் வழிகாட்டி

கார் வாங்கிய அன்று மாலையே அந்தக் கேள்வி வந்துவிட்டது. எரிபொருள் நிலையத்தில் குழாயைக் கையில் பிடித்தபடி நின்ற இளைஞர், "தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா?" என்று கேட்டார். பின்னால் மூன்று ஓட்டோக்கள் காத்து நின்றன. விலை கூடியது நல்லதாக இருக்கும் என்று எண்ணி, தொண்ணூற்றைந்து என்று சொன்னேன். அடுத்த எட்டு மாதமும் அதையே சொன்னேன். மாதம் 50 லீற்றர், லீற்றருக்கு ஏறத்தாழ 40 ரூபாய் கூடுதல். ஒரு நாள் சுன்னாகத்தில் ஒரு மெக்கானிக் எரிபொருள் மூடியைத் திறந்து, உள்ளே தூசி படிந்திருந்த ஒட்டுத்தாளைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். என் கார் சாதாரண பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது என்று அதில் முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தது. 16,000 ரூபாய் வீணாகப் போயிருந்தது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 92, 95 என்பவை ஒக்டேன் எண்கள். ஒக்டேன் எண் பெற்றோலின் வலிமையை அளப்பதில்லை. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிளக்கின் பொறி பட்டு, அங்கிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். பொறியின் தீ வந்து சேருமுன்னே, மூலையில் மீந்திருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாக வெடித்தால் அதுதான் 'நொக்கிங்'. அந்தத் தானான வெடிப்பை எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் 92, 95 என்ற எண்கள் சொல்கின்றன. ஒரு லீற்றரில் அடங்கியிருக்கும் சக்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடிய எண்ணைக் கேட்காத எஞ்சினுக்கு அதைக் கொடுப்பதால் வேகமும் கூடாது, ஓடும் தூரமும் கூடாது.

1. மூடியைத் திறந்து பாருங்கள்

வேறு யாரிடமும் கேட்குமுன் இதைச் செய்யுங்கள். எரிபொருள் மூடியின் உட்பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். பல ஐரோப்பியக் கார்களில் 95 என்ற எண் நேரடியாகவே அச்சிடப்பட்டிருக்கும். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார்களில் எழுத்து முழுவதும் ஜப்பானிய மொழியில் இருக்கும், பல வேளைகளில் எண்ணே இருக்காது. கைபேசிக் கமராவின் மொழிபெயர்ப்பு வசதியை அதற்கு நேரே பிடியுங்கள். ஈயமற்ற 'ரெகுலர்' என்று வந்தால் உங்களுக்கு 92 போதும். 'பிரீமியம்' அல்லது 'ஹைஒக்டேன்' என்று வந்தால் 95 அடியுங்கள்.

ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வெயிலிலும் புழுதியிலும் அந்தத் தாள் நெடுநாள் நிற்காது. கார் வாங்கப் போகும்போதே இந்தப் படத்தை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

2. ஒட்டுத்தாள் இல்லையென்றால் ஆவணங்களைத் தேடுங்கள்

கதவைத் தட்டி நிமிர்த்தி, புதிதாகப் பெயின்ற் அடித்த பழைய கார்களில் ஒட்டுத்தாள் போயிருக்கும். அப்போது மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கார் கையேடு. முன்னிருக்கைப் பெட்டிக்குள் கிடக்கலாம். பெரும்பாலும் பின்பக்கங்களில், எஞ்சின் ஒயில் அளவும் டயர் காற்றழுத்தமும் தந்திருக்கும் அட்டவணையிலேயே எரிபொருள் வகையும் இருக்கும்.

இரண்டாவது, வாகனப் பதிவுச் சான்றிதழ். இதில் எரிபொருள் பெற்றோலா டீசலா என்பது மட்டும்தான் இருக்கும், ஒக்டேன் எண் இருக்காது. ஆனால் சேசி இலக்கமும் தயாரிப்பு ஆண்டும் இருக்கின்றன. சேசி இலக்கத்தின் முற்பகுதியில் வரும் மொடல் குறியீட்டை இணையத்தில் போட்டுத் தேடினால், அந்த மொடல் ஜப்பானில் எந்த எரிபொருளுக்கு விற்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். காரின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ஒரே பெயரில் சாதாரண எஞ்சினும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டேர்போ எஞ்சினும் வந்திருக்கும். நான் முதலில் தேடியபோது வேறு நாட்டுக்கு விற்கப்பட்ட மொடலின் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் இன்னும் குழம்பினேன்.

மூன்றாவது, உத்தரவாதப் புத்தகம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகு புத்தம் புதிய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். குறித்த எண்ணுக்குக் குறைந்த பெற்றோல் பாவித்ததால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தால், லீற்றரில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். பெற்றோல் அடித்த பற்றுச்சீட்டுகளை உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒரு உறையில் போட்டு வையுங்கள். பல நிலையங்களில் பற்றுச்சீட்டைக் கேட்டால்தான் தருவார்கள். கேளுங்கள்.

3. அது எந்த நாட்டு எண் என்று பாருங்கள்

நம் ஊரில் மிகப் பெரிய குழப்பம் இங்கேதான் பிறக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் கனடாவிலோ லண்டனிலோ ஒருவர் இருக்கிறார். என் ஒன்றுவிட்ட அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். "நாங்கள் இங்கே 87 தான் அடிக்கிறோம், 91 விலை கூடியது" என்று சொன்னார். அதைக் கேட்டு, அங்கே விலை கூடிய 91-ஐ விட இங்குள்ள 92 மேலானது என்று எண்ணியவர்களும் எங்கள் வீட்டில் உண்டு. லண்டனில் இருக்கும் மாமா, அங்கே 95 தான் சாதாரண பெற்றோல், அதற்குக் கீழே காருக்கு ஆகாது என்றார். இருவரும் சொன்னது அவரவர் நாட்டுக்குச் சரி.

இலங்கையிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஒரே பரிசோதனை முறையின் எண்ணைத்தான் சொல்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் பம்பில் எழுதியிருப்பது இரண்டு வேறு பரிசோதனைகளின் சராசரி. அதனால் அங்கே எண் குறைவாகத் தெரியும். அங்குள்ள 87 நம்முடைய 91, 92-க்கு அருகில் வரும். அங்குள்ள 91 நம்முடைய 95-ஐ ஒட்டி வரும். அமெரிக்கக் கையேட்டை இணையத்தில் இறக்கிப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கான நியமம் குறைந்தது 89, பிரீமியத்துக்குக் குறைந்தது 96. அந்தச் சாதாரண பெற்றோலுக்காகச் செய்த எஞ்சினுக்கு 92 தாராளம். அங்கே பிரீமியம் கேட்கும் எஞ்சினுக்கு 95 ஏற்கனவே ஒரு படி குறைவு. அதிலிருந்து மேலும் இறங்கி 92-க்குப் போகக் கூடாது.

4. உங்கள் கார் எந்தப் பக்கம்?

டொயோட்டா அக்வா, பிரியஸ், சுசுகி வகன் ஆர் போன்ற, நம் தெருக்களில் அதிகம் ஓடும் ஜப்பானியக் கார்கள் சாதாரண பெற்றோலுக்காகவே செய்யப்பட்டவை. இவற்றுக்கு 92 போதும். இந்தியாவிலிருந்து வரும் சிறிய கார்களும் ஓட்டோக்களும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் இதே பக்கம்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற எண், கூடிய எஞ்சின் என்றால் 95 கட்டாயம் என்பார்கள். பழைய அக்வாவின் அழுத்த விகிதம் 13.4, மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு 13. எண்ணைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எஞ்சின்களில் காற்று உள்ளே வரும் வால்வு தாமதமாக மூடுகிறது. உண்மையில் அழுத்தப்படும் கலவை அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. ஆகவே அழுத்த விகிதத்தை வைத்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ஒட்டுத்தாள் சொல்வதுதான் முடிவு.

பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ், அவுடி போன்ற ஐரோப்பியக் கார்களுக்கும், வேகத்துக்காகச் செய்த டேர்போ கார்களுக்கும் 95. டேர்போ என்ற பெயரை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. ஜப்பானின் சிறிய 660 சிசி டேர்போக்கள் சாதாரண பெற்றோலுக்குச் செய்யப்பட்டவை.

கையேட்டில் '95 கட்டாயம்' என்று இருக்கிறதா, '95 பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பரிந்துரை என்றால் 92-இலும் பாதுகாப்பாக ஓடும், இழுவை சற்றுக் குறையும். கட்டாயம் என்றால் கட்டாயம்தான். இன்றைய எஞ்சின்களில் நொக்கிங்கை உணரும் சென்சர் உண்டு. அது பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். லீற்றரில் மிச்சம் பிடித்த காசு அந்த வழியில் திரும்பிப் போய்விடும். ஐந்து பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, சித்திரை வெயிலில் நெடுந்தூரம் விரட்டும்போது அந்தச் சென்சரின் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு.

பழைய ஆட்கள், 1990-களில் மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனர் ஓட்டியவர்கள், எதை ஊற்றினாலும் எஞ்சின் ஓடும் என்பார்கள். அந்தக் கார்களின் அழுத்த விகிதம் மிகக் குறைவு, அதனால்தான் அவை தாங்கின. இன்றைய எஞ்சினை அதோடு ஒப்பிட முடியாது.

5. மாதக் கணக்கைப் போடுங்கள்

விலை வழக்கமாக மாத இறுதியில் திருத்தப்படுகிறது. முதலாம் திகதிக்குப் பிறகு நிலையத்தின் பலகையைப் பார்த்து அன்றைய வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2022 ஜூன் இறுதியில் 92-இன் விலை லீற்றருக்கு 470 ரூபாயாகவும் 95-இன் விலை 550 ரூபாயாகவும் இருந்தபோது இடைவெளி 80 ரூபாய்.

மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், லீற்றருக்கு 16 கிலோமீற்றர் கிடைக்கிறது என்றால் 50 லீற்றர் வேண்டும். வித்தியாசம் 40 ரூபாய் என்றால் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. சாதாரண பெற்றோல் கேட்கும் காருக்கு இந்தப் பணத்தை எஞ்சின் ஒயில், காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை நேரத்துக்கு மாற்றச் செலவிடுங்கள். எஞ்சினுக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான்.

95-இன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே 95 பெற்றோல் 'யூரோ 4' என்ற ஐரோப்பிய நியமத்தின் தரத்தில் விற்கப்படுகிறது, அந்த நியமத்தில் கந்தகத்துக்குக் கடும் வரம்பு உண்டு. புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக்கு அது நல்லது. ஆனால் சாதாரண பெற்றோலுக்குச் செய்த காருக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் கொடுக்க அது போதிய காரணம் இல்லை என்பது என் முடிவு.

6. சத்தம் கேட்டால்

நான் 95-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் நொக்கிங்கின் சத்தம். எவர்சில்வர் தட்டில் புளியங்கொட்டைகளைக் கொட்டியது போல, வேகத்தைக் கூட்டும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து ஒரு கிணுகிணுப்பு. 95 அடித்தும் அது போகவில்லை. பெற்றோல்தான் பிரச்சினை என்று நம்பினேன். பிளக்குகளைக் கழற்றியபோது நுனி தேய்ந்து, சுற்றிலும் கறுப்புப் படிந்திருந்தது. பிளக்குகளை மாற்றி, உள்ளே படிந்திருந்த கார்பனைச் சுத்தம் செய்த பிறகு 92-இலேயே சத்தம் இல்லாமல் ஓடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டிய ஒழுங்கு இது. கண்ணாடிகளை இறக்கி, வானொலியை நிறுத்தி, நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். யாழ்ப்பாணம் சமதரை என்பதால் பாரம் ஏற்றினால்தான் தெரியும். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து சீராக வேகத்தைக் கூட்டுங்கள். சத்தம் கேட்டால் முதலில் பிளக், பிறகு காற்று வடிகட்டி, பிறகு ரேடியேற்றர் நீர். எல்லாம் சரி என்றால் கராஜில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பொறி நேரம் எவ்வளவு பின்தள்ளப்படுகிறது என்பது பல கார்களில் திரையிலேயே தெரியும். அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லையென்றால் மட்டும் ஒரு தாங்கி 95 அடித்துப் பாருங்கள்.

புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் 95 அடித்தால் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தப் பரிசோதனையில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புக் குறைவுதான். வருமான அனுமதிப்பத்திரம் முடிவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே காரைக் காட்டிச் சரிசெய்யுங்கள். கடைசி நாளில் பெற்றோலை மாற்றிப் பயனில்லை.

7. நிலையத்தில் எப்படிக் கேட்பது

எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "சுப்பர் அடியுங்கள்" என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் இங்கே சுப்பர் டீசல் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லால் பெற்றோல் காருக்குள் டீசல் குழாய் போனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நல்ல வேளையாகச் சாவியைத் திருப்பவில்லை. தவறான எரிபொருள் போய்விட்டால் எஞ்சினை இயக்கவே வேண்டாம், சாவியை 'ஒன்' நிலைக்கும் திருப்ப வேண்டாம். தள்ளி ஓரமாக விட்டுவிட்டு மெக்கானிக்கை அழைத்துத் தாங்கியை வெறுமையாக்குங்கள்.

இறங்கி நில்லுங்கள். மீற்றர் பூச்சியத்தில் இருக்கிறதா, பம்பில் எந்த எண் எழுதியிருக்கிறது, திரையில் லீற்றர் விலை எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். 92 கேட்டவருக்கு 95-இன் விலை ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பட்டினத்தில் 95 தேடுவது எளிது. ஊர்ப்புறத்துச் சிறிய நிலையங்கள் பலவற்றில் 92 மட்டும்தான் இருக்கும். 95 கேட்கும் கார் வைத்திருப்பவர்கள், வீட்டுக்கு அருகே 95 வேகமாக விற்பனையாகும் ஒரு நிலையத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, முள் பாதிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள்.

இரண்டும் கலந்தால் கெடுதி ஒன்றும் இல்லை. பாதித் தாங்கி 92-உடன் பாதி 95 சேர்ந்தால் இடைப்பட்ட எண் கிடைக்கும். தாங்கியை வெறுமையாக்க வேண்டியதில்லை. பெற்றோலில் கலக்கச் சொல்லி விற்கும் சிறு போத்தல்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பெற்றோல் அடித்த உடனேயே எஞ்சின் திணறினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, நேரத்தையும் பம்பின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கியிலிருந்து மெக்கானிக் எடுக்கும் பெற்றோலில் சிறிதளவை மூடியிட்ட பாத்திரத்தில் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாடு பலவீனமானது.

8. ஏ9 வீதியில் கொழும்புக்குப் புறப்படுமுன்

92 கேட்கும் காருக்கு இந்தப் படி தேவையில்லை, வழி நெடுகக் கிடைக்கும். 95 கேட்கும் கார் என்றால் யாழ்ப்பாணத்திலேயே தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். வவுனியாவில் முள்ளைப் பார்த்து மீண்டும் நிரப்புங்கள். இடையில் 95 கிடைக்காமல் போனால் பதற வேண்டாம். பத்து லீற்றர் 92 அடித்து, வேகத்தைக் கூட்டாமல் மெதுவாக ஓட்டி, 95 கிடைக்கும் இடத்தில் மேலே நிரப்பிவிடுங்கள்.

9. நிறுத்தி வைக்கும் கார்கள்

கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருப்பவர் வாங்கிவிட்ட கார், நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வரும்வரை கொட்டகையில் துணி போர்த்தி நிற்பது நம் ஊரில் வழக்கமான காட்சி. பெற்றோல் மாதக்கணக்கில் நின்றால் அதன் மெல்லிய பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது எளிதில் தீப்பிடிக்காது. 95 ஊற்றி வைத்தாலும் அப்படித்தான், எண் கூடியது என்பதற்காக அது கெடாமல் இருப்பதில்லை.

வீட்டில் இருப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டி, மாதம் ஒருமுறை பத்து லீற்றர் புதிதாக ஊற்றட்டும். ஆறு மாதத்துக்கு மேல் அசையாமல் நின்ற காரென்றால், திருவிழாவுக்கு முதல் வாரமே மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பழைய பெற்றோலை இறக்கச் சொல்லுங்கள். வந்து இறங்கிய அன்று அதைச் செய்ய ஆள் கிடைக்காது. அந்த வாரங்களில் எல்லா வீட்டுக் கார்களும் ஒரே நேரத்தில் கராஜுக்கு வருகின்றன.

காரை ஓட்டப் போகிறவர் வேறொருவர் என்பதால், சிறு அட்டையில் 92 அல்லது 95 என்று பெரிதாக எழுதிச் சாவிக்கொத்தில் கட்டிவிடுங்கள். மூடியின் உட்பக்கத்திலும் அதையே அழியாத மையால் எழுதுங்கள். என் காரில் ஜப்பானிய ஒட்டுத்தாளுக்குக் கீழே இப்போது 92 என்று எழுதியிருக்கிறது. மகன் கொண்டுபோகும்போது நான் ஒன்றும் சொல்லி அனுப்புவதில்லை.